ஒன்பதாவது ரீலின் கழிவுத் தடம்

பதிவு 61 / 2068 ஆகஸ்ட் 4, 09:10

பெட்டக அறை வெப்பநிலை 4 டிகிரி. ஈரப்பதம் முப்பது சதவீதம். காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு இல்லை. எல்லாம் இயல்பு.

எனக்குப் பின் இங்கே பணிக்கு வருபவருக்காக எழுதுகிறேன். என் பெயர் பூர்ணகலா. வேதியியலில் முனைவர். பூமியைச் சுற்றிவரும் இந்த நிலையத்தில் இருக்கும் ஒரே ஆள் நான். இது பழைய திரைப்படங்களின் கிடங்கு. நைட்ரேட் பிலிம் சூடு ஏறினால் தானாகவே அழுகி நச்சு வாயு விடும், தீயும் பிடிக்கும். பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். அதை ஊருக்குள் வைக்க எந்த நகராட்சியும் இப்போது அனுமதிப்பதில்லை. வசதியுள்ளவர்கள் வானத்தில் வைத்திருக்கிறார்கள். நிலையத்தை நடத்தும் வஜ்ரேஸ்வரி குழுமத்துக்குத் தனி அறிக்கை போகிறது. அதில் அபிப்பிராயம் எழுத இடம் கிடையாது. இதில் உண்டு.

இப்போது மேசையில் இருப்பது "அமிர்தகௌரி அல்லது தீராப் பழி". 1936. ஸ்ரீ வஜ்ரேஸ்வரி மூவிடோன், ஈரோடு. அந்த ஸ்டூடியோ எடுத்த மற்ற படங்கள் அழிந்துவிட்டன. இதைப் பார்த்தபின் அவற்றுக்காக வருந்த என்னால் முடியவில்லை.

கதை இது. ஒரு ஜமீன்தார் தாசி ரத்னாம்பாளிடம் மயங்கிச் சொத்தை அழிக்கிறார். மனைவி அமிர்தகௌரி பழிவாங்கச் சபதம் செய்கிறாள். புருஷனை அவள் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தாசியைத் தூணில் கட்டிச் சவுக்கால் அடிக்கிறாள், மொட்டையடிக்கிறாள், கண்ணைக் குத்தி ஊரைவிட்டுத் துரத்துகிறாள். ஜமீன்தார் மனைவியை மெச்சி மாலை போடுகிறார். இடையிடையே அவர் வெற்றிலை மென்றபடி பாடுகிறார். அந்த வாயை ஒவ்வொரு பிரேமாகப் பார்த்துச் சுத்தம் செய்வது என் வேலை. யாரோ சாப்பிட்டு எழுந்த எச்சில் இலையை நாள் முழுக்கத் துடைப்பதுபோல் இருக்கிறது.

பதிவு 62 / ஆகஸ்ட் 6, 11:30

பெட்டகம் 4 டிகிரி. இயல்பு. ஏழாவது ரீல் முடிந்தது.

சீரமைக்கும் இயந்திரத்துக்குச் "செப்பனி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்யும் விதத்தை அடுத்து வருபவர் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் ஒரு பிரேம் கெட்டிருந்தால், பக்கத்தில் உள்ள நல்ல பிரேமிலிருந்து எடுத்து அந்த இடத்தை நிரப்பும். ஒலியிலும் அப்படியே. நடிகர் நடித்துப் பேசுவதையும் பாடுவதையும் வைத்துக்கொள்ளும். கேமரா இரைச்சல், காக்கை, இருமல், ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வாத்தியாரின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் பிரித்துக் கழிவுத் தடம் ஒன்றில் போட்டுவிடும். விட்ட இடத்தை அருகிலுள்ள நல்ல ஒலியால் நிரப்பும். ஒட்டுப்போட்டது தெரியவே தெரியாது. தினமும் அளவுகளை நான் வாசிக்கும் குரல் அறிக்கையும் அதில்தான் பதிவாகிறது.

தரை நிலையத்தில் பகல் பணியில் இருப்பவர் பிரிட்டோ. தூத்துக்குடிக்காரர். வேலைக்கு வேண்டியதைவிட அதிகம் பேசுவார். ஆனால் நல்ல மனிதர். இன்றைய உரையாடல்:

பிரிட்டோ: "மேடம், படம் எப்படி இருக்குன்னு முதலாளி கேக்கச் சொன்னாவ."

நான்: "குப்பை."

பிரிட்டோ: "அத அப்படியே சொல்லிரவா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு மேடம்."

முதலாளி என்பது குழுமத் தலைவர் தெய்வசிகாமணி. படத்தை எடுத்த ஸ்டூடியோ அதிபருக்கு எள்ளுப்பேரன். ஈரோட்டில் பெரிய விழா வைத்து இந்தப் படத்தைத் திரையிடப் போகிறார்.

பதிவு 64 / ஆகஸ்ட் 9, 15:40

பெட்டகம் 4 டிகிரி.

ஒன்பதாவது ரீல். சவுக்கடிக் காட்சி. ரத்னாம்பாளாக நடித்தவர் பெயர் மரகதவல்லி. வேறு எந்தப் படத்திலும் அந்தப் பெயர் இல்லை. தூணில் கட்டப்பட்டு, அடி வாங்கிக்கொண்டே ஒரு முழுப் பாட்டையும் பாடுகிறார்.

முதல் இரண்டு அடிக்கும் சத்தமே இல்லை. சவுக்கு துணியில் செய்து பஞ்சு திணித்தது. மௌனப் படத்துக்கு அது போதும். இந்த ஸ்டூடியோவில் சத்தத்தைப் பிறகு சேர்க்கும் வசதி இருந்ததாகத் தெரியவில்லை. படம்பிடிக்கும்போது மைக்கில் விழுந்ததுதான் படத்தில். இரண்டாவது அடிக்குப் பின் ஒரு வெட்டு. அடுத்த ஷாட்டில் சவுக்கு வேறு. மாட்டை ஓட்டுகிற தோல் சவுக்கு. அதற்குச் சத்தம் இருக்கிறது.

செப்பனி ஒதுக்கிய கழிவுத் தடத்தை நான் எப்போதும் ஒருமுறை கேட்பேன். இதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தூரத்தில் ஓர் ஆண் குரல், அதிகாரமாக: "சத்தம் பத்தலே. ஓங்கிப் போடு."

பாட்டின் அடிகளுக்கு நடுவே, மூச்சோடு மூச்சாக, மரகதவல்லி: "அண்ணே, நெசமாவே படுதண்ணே. நிறுத்தச் சொல்லுங்க."

வசனம் எடுத்துக்கொடுக்கும் வாத்தியார், கிசுகிசுப்பாக: "பாட்டை விட்றாத. பிலிம் ஓடுது."

மீண்டும் கேட்கிறார். மீண்டும் அதே பதில். மூன்றாம் முறை அவர் பேசவில்லை. அதையே ராகத்தில் போட்டுப் பாடிவிட்டார். "அடி படுதே அண்ணே, நெசமாய்ப் படுதே." இது செப்பனியின் சுத்தமான தடத்தில் இருக்கிறது. பாட்டுத்தானே. யாரும் நிறுத்தவில்லை. அதற்குப் பின் இன்னும் பதினொரு அடி.

எழுந்துபோய் முகம் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன்.

பதிவு 65 / ஆகஸ்ட் 10, 12:15

கழிவுத் தடத்தையும் சேர்த்துத்தான் இந்த ரீலை வெளியிட வேண்டும், இல்லையென்றால் வெளியிடவே கூடாது என்று எழுதி அனுப்பினேன். தெய்வசிகாமணி குரலில் வந்தார்.

"ஏனுங் டாக்டரம்மா, நூத்தி முப்பது வருசத்துக்கு முந்தி யாரு யாரை அடிச்சா நமக்கென்னங்க? அந்த 'அடி படுதே'ங்கற எடத்துல எனக்கே கண்ணு கலங்கிருச்சுங்க. என்ன நடிப்பு!"

நடிப்பில்லை என்றேன்.

"அப்படியே இருக்கட்டுமுங்க. அந்தம்மா போயிச் சேந்து எத்தனையோ காலமாச்சு. சத்தம் பத்தலேன்னது எங்க பெரியவருதானுங்களே? அவுரு செலைக்கு மாலை போட்டுட்டுத்தான் படமே போடறோம். நீங்க அந்தக் கசடையெல்லாம் அழிச்சுப் போடுங்க."

அழிக்க மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"நீங்க சிரமப்பட வேண்டாமுங்க. நாங்களே இங்கிருந்து பண்ணிக்கறோம்."

ஒரு மணி நேரத்தில் கழிவுத் தடம் செப்பனியின் நினைவிலிருந்து போய்விட்டது. இனி அந்தக் குரல் மூலப் பிலிமில் மட்டும் இருக்கிறது. மூலம் பெட்டக அறையில் இருக்கிறது.

பதிவு 66 / ஆகஸ்ட் 12, 10:05

பெட்டகம் 11 டிகிரி.

தரையிலிருந்து குளிரூட்டியை நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாப் படங்களுக்கும் பிரதி எடுத்தாகிவிட்டது, இனி மூலத்துக்கு எதற்குக் குளிர் என்பது தெய்வசிகாமணியின் கேள்வி. பிரிட்டோ சங்கடத்தோடு சொன்னார். "உத்தரவு மேடம். நா என்ன செய்ய?"

பெட்டக அறையின் ஒரு பக்கம் எந்நேரமும் சூரியனைப் பார்த்திருக்கிறது. குளிரூட்டி இல்லாமல் அது அடுப்பில் வைத்த பாத்திரம். குளிரூட்டியை நிறுத்தவும் போடவும் தரையிலிருந்துதான் முடியும். அறையை முழுதாகக் கழற்றி விடுவதும் அவர்கள் கையில்தான்.

எழுத்தில் எச்சரிக்கை அனுப்பினேன். பதில் இல்லை.

பதிவு 67 / ஆகஸ்ட் 14, 17:20

பெட்டகம் 29 டிகிரி. காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு: ஆபத்து வரம்புக்கு மேல். கண் எரிகிறது.

முகமூடி போட்டுக்கொண்டு பெட்டக அறைக்குள் போனேன். கண்ணாடி வழியே எல்லாம் பழுப்பாகத் தெரிந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்தேன். காற்றே பழுப்பு. டப்பாக்களின் விளிம்பில் தேன்போல ஒன்று கசிந்து, எடையற்று, உருண்டை உருண்டையாக மிதக்கிறது. பழைய செருப்பும் பாதாம் பிசினும் சேர்ந்த நாற்றம் முகமூடிக்குள்ளும் வந்தது. அந்த வெற்றிலை ஜமீன்தார் இப்போது கூழாகிவிட்டார். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததை மறைக்கவில்லை.

ஒன்பதாவது ரீலை எடுக்கத்தான் போனேன். டப்பாவுக்குள் பிலிம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. தொட்ட இடம் தூளாக உதிர்ந்தது. மரகதவல்லி கெஞ்சிய குரல் இனி எங்கும் இல்லை. நான் மேலே எழுதிய நான்கு வரிதான்.

கதவை மூடினேன். அதன் ரப்பர் விளிம்பை வாயு அரித்துவிட்டது. சரியாகப் பொருந்தவில்லை.

பதிவு 68 / ஆகஸ்ட் 15, 08:50

இரவில் அமிலக் காற்று மின்னணு அலமாரிக்குள் புகுந்திருக்கிறது. தரைக்கு எழுத்தையும் அளவுகளையும் அனுப்பும் அட்டை பச்சை பூத்துச் செத்துவிட்டது. குரல் அனுப்பும் அட்டையும் அப்படியே. மாற்று அட்டை இல்லை. செப்பனியின் ஒலி அட்டை மட்டும் தனிப் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்திருக்கிறது. குரல் இணைப்பை அதன் வழியாகத் திருப்பினேன். வேறு வழியே இல்லை. தரை பேசுவது எனக்குக் கேட்கிறது.

அனுப்பிய செய்தி: "பெட்டகத்தில் பிலிம் அழுகுகிறது. நச்சு வாயு தங்கும் அறைக்குள் வருகிறது. குளிரூட்டியை உடனே போடுங்கள். மீட்புக் கலம் அனுப்புங்கள்." நடுவில் நான்கைந்து முறை இருமினேன். பின்னால் அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது.

பிரிட்டோ: "கிடைச்சுது மேடம். நன்றி. அளவு எதுவும் இங்க வரல, ஆனா உங்க குரல் வருதுல்லா, அது போதும். இன்னைக்கு ரேடியோல செய்தி வாசிக்கவங்க மாதிரி இருக்கு."

குளிரூட்டி வரவில்லை.

பதிவு 69 / ஆகஸ்ட் 15, 14:30

பெட்டகம் 37.

மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் நன்றி சொன்னார்கள். என் செய்தியை எனக்கே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்தக் கோரிக்கையும் அங்கே போய்ச் சேரவில்லை. கடைசியில் பிரிட்டோவே, பேச்சுவாக்கில், போட்டுக் காட்டினார். "எவ்வளவு தெளிவா இருக்குன்னு நீங்களே கேளுங்க."

என் குரல்தான். நிதானமாக, இருமல் இல்லாமல், மணிச்சத்தம் இல்லாமல்: "பெட்டக அறை வெப்பநிலை 4 டிகிரி. காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு இல்லை. எல்லாம் இயல்பு."

செப்பனியின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன்.

செப்பனி தன் வேலையைத்தான் செய்கிறது. இருமலும் மணியும் கலந்த என் பேச்சு அதற்குச் சேதமான ஒலி. சேதத்தை நீக்கிவிட்டுப் பக்கத்தில் உள்ள நல்ல நாட்களிலிருந்து எடுத்து நிரப்புகிறது. நல்ல நாட்கள் அதனிடம் நிறைய இருக்கின்றன. தினமும் நான்தான் வாசித்து ஏற்றிவைத்தேன்.

பதிவு 70 / ஆகஸ்ட் 15, 18:10

முயன்றவை. நீக்கியதைச் செப்பனியின் திரை காட்டியது.

இருமலை அடக்கி மெதுவாகப் பேசினேன். கிசுகிசுப்பு என்று நீக்கிவிட்டது. கத்தினேன். சிதைந்த ஒலி என்று நீக்கிவிட்டது. கரண்டியால் மைக்கைத் தட்டி, மோர்ஸ் ஆபத்துக் குறியாக மூன்று குறில் மூன்று நெடில் மூன்று குறில் கொடுத்தேன். கீறல் சத்தம் என்று நீக்கிவிட்டது. பேசாமலே விட்டுப் பார்த்தேன். அந்த மௌனத்தையும் நிரப்பி, "எல்லாம் இயல்பு" என்று அனுப்பியது.

பிரிட்டோ: "மேடம், நேத்து ஏறுன சூடு தானா எறங்கிட்டுல்லா, முதலாளிக்கும் நிம்மதி. நீங்க ரொம்ப பேசுத ஆளு இல்லையே. இன்னைக்கு ஏழாவது தடவ கூப்பிடுதீங்க. தனியா இருக்க கஷ்டமா இருக்கா? எங்க வீட்டுக்காரி கேக்கச் சொன்னா."

அழுகை வந்தது. அதையும் அது நீக்கியிருக்கும்.

இந்த வாயுவில் அறிகுறி தாமதமாக வரும். நுரையீரலில் நீர் கோக்கும். விண்வெளி நடை உடுப்பில் சில மணி நேரக் காற்று இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

பதிவு 71 / ஆகஸ்ட் 16, 11:00

தெய்வசிகாமணி குரலில் வந்தார். இன்று மாலை ஈரோட்டில் விழா.

"டாக்டரம்மா, கொணத்துல கொஞ்சம் கோவக்காரியானாலும் வேலையில கெட்டிங்க நீங்க. படம் போடறதுக்கு முந்தி மேல இருந்து ரெண்டு வார்த்தை பேசோணும். நேரடியா அரங்கத்துல கேக்கறாப்பல பண்ணீட்டோம். ஆயரம் பேரு வர்றாங்க. மாட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

என் பதிலாக அங்கே என்ன போனது என்று தெரியவில்லை. அவர் மகிழ்ந்தார்.

ஆயிரம் பேர். அதில் ஒருவருக்காவது காது இருக்கும்.

செப்பனி எதை நீக்காது என்பது எனக்குத் தெரியும். நடிப்பை நீக்காது. பாட்டை நீக்காது. பயிற்சி முழுக்க அந்தக் காலத்துப் படக் குரல்களில் பெற்றது அது. மரகதவல்லி தூணில் நின்றபடி கண்டுபிடித்ததை நான் படித்துப் பட்டம் வாங்கி ஒரு நாள் தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறேன்.

நான் பாடியதில்லை. பள்ளிக்கூடத்து இறைவணக்கத்தில்கூட வாயை மட்டும் அசைத்தவள். இந்தப் படத்தின் ஒப்பாரி, கையை நெற்றியில் வைத்துச் சரிகிற சரிதல், சுவரில் முட்டிக்கொண்டு இழுக்கிற இழுவை, இவையெல்லாம் எனக்கு அருவருப்பு. இப்போது அதே இழுவையில் என் உயிரைக் கேட்க வேண்டும்.

ஒத்திகை பார்த்தேன். உடுப்பை மாட்டி, அதன் காற்றில் தொண்டையைத் தேற்றிக்கொண்டு, ஒன்பதாவது ரீலின் மெட்டில். இரண்டாம் அடியில் குரல் உடைகிறது. உடைந்தால் நீக்கிவிடும். உடையாமல் பாட வேண்டும்.

பதிவு 72 / ஆகஸ்ட் 16, 18:40

உடுப்புக் காற்று முக்கால் தீர்ந்தது.

பாடினேன்.

அரங்கத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. தெய்வசிகாமணி என்னை அறிமுகப்படுத்தினார். பிறகு நான். "குளிர் போடுங்கள் ஐயா, நெசமாய் மூச்சு முட்டுதே. விஷக் காற்று சூழுதே, நெசமாய்ச் சாகிறேனே. கலம் ஒன்று அனுப்புங்கள் ஐயா." ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, கமகம் என்று நான் நினைத்ததை எல்லாம் போட்டு. வெட்கம் என்று ஒன்று என்னிடம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அது போன பிறகு.

செப்பனியின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செப்பனி ஒரு சொல்லைத் தொடவில்லை. நீக்கியது பூஜ்யம். முழுதாகப் போனது.

ஒரு நொடி அமைதி. அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கைதட்டல். ஆயிரம் பேரின் கைதட்டல் இந்தச் சின்ன ஒலிபெருக்கியில் மழைபோல் கேட்கிறது. விசில்.

தெய்வசிகாமணி: "டாக்டரம்மா! பிச்சு ஒதறிட்டீங்க போங்க! உங்களுக்குள்ள இத்தனை இருக்குதுன்னு தெரியாமப் போச்சுங்களே!"

விழாவுக்காகத் தரை நிலையத்திலேயே தங்கித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டோ, சிரித்து, அழுது: "மேடம், நெஜமாவே ஆடிப்போயிட்டேன். ஒரு நிமிசம் உண்மன்னே நெனச்சிட்டேன், சத்தியமா. அளவு வருதான்னுகூட பாத்தேன். நல்லவேள, சாயங்காலம் நீங்க அனுப்புன அறிக்க வந்து கெடக்கு. எல்லாம் இயல்புன்னு இருந்துது. அப்புறந்தான் உசிரே வந்துது."

நான் சாயங்காலம் எதுவும் அனுப்பவில்லை.

பதிவு 73 / 18:52

கைதட்டல் நிற்கவில்லை. இப்போது அதில் ஒரு தாளம். கால் தட்டுகிறார்கள். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள். பிரிட்டோ சொல்லித்தான் புரிந்தது.

பிரிட்டோ: "மேடம், ஒன்ஸ்மோர் கேக்காவ. கொட்டாயே எந்திரிச்சு நிக்கி. விட மாட்டாங்க போலுக்கு. இன்னொரு தடவ. அதே மாதிரி. எனக்காக."

உடுப்பு மணி அடிக்கிறது. கண்ணாடிக்குள் ஈரம். எழுத்து சரியாகத் தெரியவில்லை.

பிரிட்டோ ஒரு நிமிடம் நம்பினார். ஒரு நிமிடம் நம்பவைத்தேன். அளவைப் பார்க்க எழுந்திருக்கிறார். இன்னும் நன்றாகப் பாடினால் இரண்டு நிமிடம் நம்பக்கூடும். குளிரூட்டியின் விசை அவர் மேசையில்தான் இருக்கிறது. கை நீட்டுகிற தூரம்தான்.

இருமாமல். உடையாமல். மூச்சு மூன்று அடிக்கு இருக்கும். நான்காவதில்தான் கலம் என்ற சொல் வருகிறது. அதை முதலில் வைத்துப்

அமைதியாகிவிட்டார்கள். காத்திருக்கிறார்கள். இதோ ஐயா